குடும்பத்துக்கு ஒரு மின்சார எஸ்யூவி: வீட்டு பிளக் பாயிண்டிலிருந்து மதுரை வரை

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈபி கணக்கெடுப்பில் எழுதுகிற யூனிட் இருக்கிறதே, மின்சார கார் ஓடுவதும் அதே யூனிட்டில்தான். விளம்பரத் தாளில் கிலோவாட் ஹவர் என்று போட்டிருப்பது வேறொன்றும் இல்லை, ஒரு யூனிட். 51.4 கிலோவாட் ஹவர் பேட்டரி என்றால் அது 51 யூனிட் சொச்சம் கொள்ளும், அவ்வளவுதான். சார்ஜ் ஏற எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் ஓடும், எவ்வளவு செலவு ஆகும் என்ற மூன்று கேள்விக்கும் இந்த ஓர் அளவை வைத்தே பதில் போட்டுவிடலாம். ஷோரூமில் சொல்லும் கிலோமீட்டரையும் திரையில் தெரியும் சதவீதத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக்கின் பெரிய பேட்டரி மாடலை எடுத்துக்கொள்கிறேன். 2025 ஜனவரியில் வந்த வண்டி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராவது, ஐந்து பேர் குடும்பம் யோசிக்கிற அளவு. நீங்கள் பார்ப்பது டாடா நெக்ஸானோ கர்வோ மஹிந்திரா எக்ஸ்இவி 9இயோ எதுவானாலும் எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

படி 1: உங்கள் ஓட்டத்தை முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று வரி போதும். சாதாரண நாளில் எத்தனை கிலோமீட்டர்? மாதத்துக்கு எத்தனை? வருஷத்தில் எத்தனை தடவை 300 கி.மீ.க்கு மேல் ஒரே மூச்சில் போகிறீர்கள்?

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஆபீஸ், நடுவில் பிள்ளைகளின் பள்ளி, டியூஷன், சாயங்காலம் கடை என்று சுற்றினாலும் நாளைக்கு 50 கி.மீ. தாண்டுவது அபூர்வம். அதற்கு ஏழெட்டு யூனிட் போதும். ஆக தினசரி ஓட்டத்துக்கு எந்த மின்சார எஸ்யூவியும் சரிப்படும். பெரிய பேட்டரியா சின்ன பேட்டரியா என்று தீர்மானிப்பது மூன்றாவது வரிதான். தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை, குலதெய்வம் கோயில் என்று வருஷத்துக்கு நாலைந்து தடவைதான் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், அதற்காக மூன்று நான்கு லட்சம் கூடக் கொடுத்து பெரிய பேட்டரி வாங்க வேண்டுமா, வழியில் இன்னொரு தடவை நின்றால் போதுமா என்று யோசியுங்கள். வாரம் ஒருமுறை கோவைக்கும் சென்னைக்கும் அலைபவர் யோசிக்காமல் பெரியதை வாங்கலாம்.

படி 2: வண்டியை முன்பதிவு செய்யும் முன் பாயிண்டைப் பாருங்கள்

பலரும் வண்டி வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் எலக்ட்ரீஷியனைத் தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். வீட்டில் இரவு சார்ஜ் போட வழி இல்லாதவருக்கு இப்போதைக்கு மின்கார் வேண்டாம் என்பதே என் கருத்து. பொது சார்ஜரை மட்டும் நம்பி ஓட்ட முடியும்தான். ஆனால் காசும் கூட, நேரமும் வீண்.

வீட்டில் சார்ஜ் போட மூன்று வழி உண்டு.

முதலாவது, சாதாரண 15 ஆம்ப் பவர் பிளக். வண்டியோடு வரும் போர்ட்டபிள் சார்ஜரை அதில் செருகினால் மணிக்கு இரண்டரை முதல் மூன்று யூனிட் ஏறும். இரவு பத்து மணிக்குப் போட்டு காலை ஆறு மணிக்கு எடுத்தால் இருபது யூனிட்டுக்கு மேல் ஏறியிருக்கும், அதாவது 120 கி.மீ. தினசரிக்கு இதுவே தாராளம். ஆனால் ஹீட்டர் போட்டு பத்து நிமிஷத்தில் அணைப்பது மாதிரி இல்லை இது, எட்டு மணி நேரம் விடாமல் முழுக் கரண்ட் இழுக்கும். பழைய சாக்கெட் என்றால் சூடேறி பிளாஸ்டிக் உருகும். அதனால் மெயின் போர்டிலிருந்து தனியாக ஒரு லைன், 4 சதுர மி.மீ. செம்பு வயர், அதற்கென்று ஒரு எம்சிபி (சுமை மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிப்பது), தொழிற்சாலைகளில் போடும் தடித்த சாக்கெட் என்று புதிதாக இழுத்துவிடுங்கள். ஏசி லைனிலோ மோட்டார் லைனிலோ ஒட்டுப்போட வேண்டாம்.

இரண்டாவது, சுவரில் மாட்டும் 7 கிலோவாட் சார்ஜர், அதாவது மணிக்கு ஏழு யூனிட் தருவது. ஒற்றை ஃபேஸிலேயே ஓடும், ஆனால் 32 ஆம்ப் இழுக்கும். 10 சதவீதத்திலிருந்து முழுசாக ஏற ஏழு மணி நேரம். மூன்றாவது 11 கிலோவாட் சார்ஜர், இதற்கு மூன்று ஃபேஸ் வேண்டும். கிரெட்டாவுக்கு 10இலிருந்து 100 வரை 4 மணி 50 நிமிடம் என்று கம்பெனி சொல்கிறது. ஒரே வீட்டில் இரண்டு மின்கார் இருந்தால் ஒழிய 11 எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. தூங்கும் நேரத்தில் ஏறுகிற சார்ஜ் ஐந்து மணி நேரத்தில் ஏறினால் என்ன, ஏழு மணி நேரத்தில் ஏறினால் என்ன.

7 கிலோவாட் போடுவதாக இருந்தால் உங்கள் இணைப்புக்கு மின்வாரியம் எவ்வளவு சுமை அனுமதித்திருக்கிறது என்று பாருங்கள். பழைய வீடுகளில் இரண்டு, மூன்று கிலோவாட்தான் இருக்கும். ஏசியும் சார்ஜரும் சேர்ந்து ஓடினால் அதைத் தாண்டிவிடும். கூடுதல் சுமைக்கு விண்ணப்பித்து, தேவைப்பட்டால் மூன்று ஃபேஸாக மாற்றிக்கொண்டு, அப்புறம் சார்ஜரை மாட்டுங்கள்.

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சார்ஜர் வேலை செய்யவில்லை, சிவப்பு விளக்கு எரிகிறது என்று வரும் புகார்களில் பெரும்பங்கு எர்த் கோளாறுதான். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் எர்த் இல்லாமலும் ஓடிவிடும், கார் ஓடாது. எர்த் சரியில்லை என்று தெரிந்தால் சார்ஜ் ஏற்றவே மறுத்துவிடும், நம் பாதுகாப்புக்காகத்தான். எலக்ட்ரீஷியனை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் எவ்வளவு காட்டுகிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் என்றால் நல்லது. ஏழெட்டு, பத்து என்று காட்டினால் எர்த் குழியைத் தோண்டிப் பார்க்கும் வேளை வந்துவிட்டது. சில எலக்ட்ரீஷியன்கள் நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டிலேயே இணைத்து சார்ஜரை ஏமாற்றிவிடுவார்கள். அதற்குச் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பெல்லாம் கரண்ட் வரும்.

அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கு வயரைவிட அசோசியேஷன்தான் பெரிய வேலை. வீட்டிலுள்ள இணைப்பிலேயே கார் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதலில் தெளிவாக இருக்கிறது. அதன் நகலை மனுவோடு இணைத்துக் கொடுங்கள். பொது மீட்டரிலிருந்து எடுக்காமல், கீழே உள்ள உங்கள் சொந்த மீட்டரிலிருந்து பைப் வழியாக பார்க்கிங் வரை வயர் இழுப்பதாகச் சொன்னால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். தூரம் 30, 40 மீட்டர் என்றால் வயர் கனத்தை ஒரு படி கூட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் வோல்டேஜ் விழும்.

படி 3: கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

'யூனிட் ஐந்து ரூபாய், ஐம்பது யூனிட்டுக்கு இருநூற்றைம்பது ரூபாய், அதில் 400 கி.மீ.' என்று விற்பனையாளர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். நம் ஊர் மின்கட்டணம் ஏற ஏற விலை கூடும் வகை. வீட்டுக்கு ஏற்கெனவே ஆகும் யூனிட்டின் தலைமேல் கார் யூனிட் போய் உட்காரும். அதாவது காருக்குக் கிடைப்பது எப்போதும் விலை கூடின யூனிட்.

தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணத்தை வைத்து ஒரு கணக்கு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவழிக்கும் வீடு, சுமார் 1,840 ரூபாய் கட்டும். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 2,000 கி.மீ. சார்ஜ் ஏறும்போது பத்து சதவீதத்துக்கு மேல் சூடாகவே போய்விடும் என்பதால், மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு நகரத்தில் ஐந்தரை, ஆறு கி.மீ. என்று வையுங்கள். 350 யூனிட் கூடும். மொத்தம் 850. பில் 5,400 ரூபாய்க்கு வந்து நிற்கும். கூடுதல் 3,560 ரூபாய். காருக்கான யூனிட் ஒவ்வொன்றும் பத்து ரூபாய்க்கு மேல் விழுகிறது. 500ஐத் தாண்டியதும் கீழ் அடுக்கில் இருந்த சலுகையும் போய்விடுவது இதற்கு ஒரு காரணம். ஏற்கெனவே ஆயிரம் யூனிட் தாண்டுகிற வீடு என்றால் காரின் யூனிட் ஒவ்வொன்றும் 11 ரூபாய் 80 காசு.

அப்படியும் லாபம்தான். அதே 2,000 கி.மீ.யை லிட்டருக்கு 12 கொடுக்கும் பெட்ரோல் எஸ்யூவியில் ஓட்டினால், சென்னை விலை 101 ரூபாய் என்று வைத்தாலும் 16,000 ரூபாய் தாண்டும். ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரத்துக்கு ஆகிறது. சொந்த மாடி இருப்பவர்கள் சோலாரையும் சேர்த்தே யோசிக்கலாம். 3 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் போல் தரும், மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு.

படி 4: உண்மையில் எவ்வளவு தூரம்?

கிரெட்டா எலக்ட்ரிக் வந்தபோது, ஒரு முழு சார்ஜில் ஓடும் என்று சோதனைச் சான்றிதழில் இருந்த தூரம் 473 கி.மீ. இந்த எண் பொய் இல்லை, ஆனால் ஆய்வகத்தில் எடுத்தது. அந்தச் சோதனையில் வேகம் 90ஐத் தாண்டாது, ஏசி ஓடாது, நம் மாமியார் வீட்டுச் சாமான் பின்னால் இருக்காது. டாடா நிறுவனமே நெக்ஸானின் 45 யூனிட் மாடலுக்குச் சான்றிதழ் தூரம் 489 என்றும், சாலையில் எதிர்பார்க்கக்கூடியது 350ஐ ஒட்டி என்றும் இரண்டு எண் தருகிறது. சான்றிதழ் எண்ணில் முக்கால் பங்கை எடுத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். நெடுஞ்சாலை என்றால் அதையும் குறைக்க வேண்டும்.

ஏன் குறைகிறது? காற்று. எஸ்யூவி உயரமும் அகலமும் ஆனது, முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வேகம் 80இலிருந்து 120க்குப் போனால் காற்றின் தடை ஒன்றரை மடங்காக இல்லை, இரண்டேகால் மடங்காக ஏறும். இந்த அளவு வண்டியில், ஏசியோடு, சமதளத்தில் தோராயமாக இப்படி வரும்: 80இல் போனால் யூனிட்டுக்கு 6 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல், 100இல் 5, 120இல் 4. ஐம்பது யூனிட்டால் பெருக்கினால் 310, 250, 200. ஒரே கார், ஒரே பேட்டரி, நம் வலது கால் ஒன்றுதான் வித்தியாசம்.

பெட்ரோல் வண்டியில் நெடுஞ்சாலையில் மைலேஜ் கூடும், ஊருக்குள் குறையும். மின்காரில் நேர்மாறு. ஊருக்குள் பிரேக் போடும்போதெல்லாம் மோட்டாரே டைனமோவாக மாறி கொஞ்சம் கரண்டைத் திருப்பிக் கொடுக்கும். நெரிசலில் மாட்டிக்கொண்டால் பேட்டரி காலியாகிவிடுமோ என்று பலருக்குப் பயம். பெருங்களத்தூரில் ஒரு மணி நேரம் ஏசி போட்டுக்கொண்டு நின்றாலும் ஒன்றரை யூனிட்தான் போகும், எட்டு ஒன்பது கி.மீ. தூரம். அதற்கெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது செங்கல்பட்டு தாண்டியதும் ரோடு திறந்துகொள்ளும்போது.

120இல் போய் என்ன மிச்சம் என்றும் பார்த்துவிடலாம். 260 கி.மீ. தூரத்தை 100இல் போனால் 2 மணி 36 நிமிடம், 120இல் போனால் 2 மணி 10. மிச்சம் 26 நிமிடம். ஆனால் பதினொன்றிலிருந்து பதின்மூன்று யூனிட் கூடுதலாகச் செலவாகும், அதை சார்ஜரில் திரும்ப ஏற்றப் பதினைந்து நிமிடத்துக்கு மேல். பாதிக்கும் மேல் அங்கேயே கரைந்துவிடுகிறது, காசும் கூட. நான் 90, 95இல் வைத்துக்கொண்டு போவதைத்தான் சொல்வேன்.

படி 5: குடும்பத்தையே கூட்டிக்கொண்டு ஷோரூம் போங்கள்

டெஸ்ட் டிரைவ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கைவிடப் பின் சீட் முக்கியம். பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் பல மின்கார்களில் பின்னால் உட்காருபவரின் தரை கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். முழங்கால் தூக்கிக்கொள்ளும், தொடைக்குத் தாங்கல் இருக்காது. அரை மணி நேரத்தில் தெரியாது, மூன்று மணி நேரத்தில் தெரியும். அம்மா அப்பாவை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள், பின் சீட்டில் கால் மணி நேரமாவது உட்கார வையுங்கள். பெட்ரோல் மாடலிலிருந்து மாற்றிச் செய்த வண்டிகளில் இந்தக் குறை கூடுதலாகத் தெரியும், மின்காராகவே வடிவமைத்தவற்றில் குறைவு.

டிக்கியைத் திறந்து பாருங்கள். கிரெட்டாவில் 433 லிட்டர், பானெட்டுக்கு அடியில் 22 லிட்டர் சின்னப் பெட்டி, சார்ஜர் வயரை அதில் போட்டுவிடலாம். எக்ஸ்இவி 9இயில் டிக்கி 663 லிட்டர். ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேளுங்கள். பல மின்கார்களில் பஞ்சர் கிட் மட்டும்தான் தருகிறார்கள். ஆணி குத்தினால் சரி, பக்கவாட்டில் கிழிந்தால் அது உதவாது. ராத்திரி ஊருக்குப் போகும் பழக்கம் உள்ளவர்கள் ஒரு ஸ்டெப்னி வாங்கி வைப்பது நல்லது. ஏழு பேர் என்றால் கியா காரன்ஸ் கிளாவிஸ் ஈவி, மஹிந்திரா எக்ஸ்இவி 9எஸ் இரண்டையும் பாருங்கள்.

படி 6: ஊருக்குப் போகும் பயணத்தைத் திட்டமிடுதல்

சென்னையிலிருந்து மதுரை, 460 கி.மீ. 90, 95இல் போனால் யூனிட்டுக்கு ஐந்தரை கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 84 யூனிட் வேண்டும். கையில் 50. ஆக வழியில் ஏற்ற வேண்டியது 34, கீழே எப்போதும் வைத்திருக்க வேண்டிய கையிருப்பு 10 யூனிட், இரண்டையும் சேர்த்து 44 யூனிட்.

வீட்டில் 100 சதவீதத்தோடு கிளம்புங்கள். உளுந்தூர்பேட்டை ஏறக்குறைய 200 கி.மீ. 36 யூனிட் போய் 14 மிச்சம் இருக்கும், திரையில் 28 சதவீதம். அந்தப் பக்கத்தில் நின்று 80 சதவீதம் வரை ஏற்றினால் 26 யூனிட், 60 கிலோவாட் சார்ஜரில் முப்பத்தைந்து நாற்பது நிமிடம். இட்லி சாப்பிட்டு, பிள்ளைகளைப் பாத்ரூம் கூட்டிப்போய், காபி குடித்துவிட்டு வருவதற்கு அந்த நேரம் சரியாக இருக்கும். அங்கிருந்து திருச்சி 125 கி.மீ., 23 யூனிட். 17 மிச்சம். திருச்சியில் 18 யூனிட் ஏற்றினால், இருபத்தைந்து நிமிடம், மதுரைக்கு 20 சதவீதத்தோடு போய்ச் சேரலாம்.

இரண்டு சின்ன நிறுத்தமா, ஒரே பெரிய நிறுத்தமா என்றால் இரண்டு சின்னதுதான் வேகம். 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறுவது தவழ ஆரம்பித்துவிடும், பேட்டரியைக் காப்பாற்ற வண்டியே கரண்டைக் குறைக்கும். 80இலிருந்து 100 ஏறும் நேரத்தில் அடுத்த ஊருக்குப் போய்விடலாம். கிரெட்டாவில் 50 கிலோவாட் டிசி சார்ஜரில் (பொது இடங்களில் இருக்கும் வேக சார்ஜர்) 10இலிருந்து 80 வரை 58 நிமிடம் என்று கம்பெனியின் கணக்கு. எக்ஸ்இவி 9இயின் பெரிய பேட்டரி 175 கிலோவாட் வரை வாங்கும், 20இலிருந்து 80 வரை இருபது நிமிடம் என்கிறார்கள். ஆனால் அவ்வளவு தரும் சார்ஜர் நீங்கள் போகும் வழியில் இருக்க வேண்டுமே, அதையும் பார்த்துவிட்டு அந்த இருபது நிமிடத்துக்குக் காசு கொடுங்கள்.

சார்ஜரைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

- போர்டில் 60 கிலோவாட் என்று இருந்து இரண்டு கன் (காரில் செருகும் பிளக்) தொங்கினால், இரண்டு கார் நின்றதும் பல இடங்களில் ஆளுக்கு 30 ஆகப் பிரிந்துவிடும். நாற்பது நிமிடம் எண்பது நிமிடமாகும். 120 கிலோவாட், இரண்டு கன் என்று இருப்பதைத் தேடுங்கள்.
- நம் கார்களுக்கு வேண்டியது சிசிஎஸ்2 என்ற வகை கன். பழைய 15 கிலோவாட் டிசி மெஷின்கள் வரைபடத்தில் இன்னும் சில இடங்களில் தெரியும், அவற்றின் கன் சேராது.
- சார்ஜர் வேலை செய்கிறதா என்பதற்கு அந்தக் கம்பெனியின் ஆப் மட்டும் போதாது. பிளக்‌ஷேர் ஆப்பில் கடைசியாக எப்போது யார் சார்ஜ் போட்டார்கள் என்று பாருங்கள். நேற்று ஒருவர் வெற்றிகரமாகப் போட்டிருந்தால் நம்பலாம்.
- எந்த இடத்துக்கும் மாற்று ஒன்றை 25, 30 கி.மீ.க்குள் குறித்து வையுங்கள். அந்த மாற்று இடத்துக்குப் போகும் அளவு சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே முதல் இடத்துக்குள் நுழையுங்கள். 10 யூனிட் கையிருப்பு என்று சொன்னது இதற்காகத்தான்.

டாடா பவர், ஜியோ-பிபி, ஸ்டாட்டிக், கோயம்புத்தூரைச் சேர்ந்த சியான் என்று ஒவ்வொருவருக்கும் தனி ஆப், தனி வாலட். வழியில் வரப்போகும் இரண்டு மூன்று கம்பெனிகளின் ஆப்பை வீட்டிலேயே இறக்கி, பணமும் போட்டு வைத்துவிடுங்கள். நெடுஞ்சாலையோரம் சிக்னல் இல்லாமல் ஓடிபி வராமல் நிற்பதைவிட எரிச்சல் வேறில்லை. கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், பொதுவாக யூனிட்டுக்கு இருபது ரூபாயை ஒட்டி, 18 சதவீத ஜிஎஸ்டி அதில் சேர்ந்ததா இல்லையா என்று பாருங்கள்.

போய் நின்று கன்னை மாட்டியும் ஏறவில்லையா? முதலில் மெஷினின் சிவப்பு எமர்ஜென்சி பட்டனைப் பாருங்கள். யாராவது அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள், வலப்பக்கம் திருகினால் வெளியே வந்துவிடும். அப்புறம் கன்னை நன்றாக உள்ளே தள்ளி, லாக் ஆகும் வரை கையால் தாங்கிப் பிடியுங்கள். அந்த வயர் கனத்தில் கன் தொங்கிக்கொண்டு தொடர்பு விட்டுப்போவது சகஜம். அதற்கும் மசியவில்லை என்றால் மெஷினில் இருக்கும் உதவி எண்ணுக்குப் போன் செய்து ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள்.

பொங்கலுக்கு முந்தின நாள் ராத்திரி எல்லோரும் ஒரே திசையில் கிளம்பும்போது மேல்மருவத்தூரிலிருந்து விக்கிரவாண்டி வரை சார்ஜர்களில் வரிசை நிற்கும். அன்றைக்கு மட்டும் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குக் கிளம்பினால் பரனூர் டோலும் காலி, சார்ஜரும் காலி. உங்கள் வண்டி 80ஐத் தொட்டதும், பின்னால் ஆள் காத்திருந்தால் எடுத்துவிடுங்கள். இட்லி ஆறட்டும்.

ஊரில் போய்ச் சேர்ந்ததும் 15 ஆம்ப் பாயிண்டில் ராத்திரி முழுக்கப் போட்டால் பாதி பேட்டரி ஏறிவிடும். கிராமத்து வோல்டேஜ் சாயங்காலம் விழும், பத்து மணிக்கு மேல் தேறும், அப்போது போடுங்கள். எர்த் உள்ள பாயிண்ட் எது என்று சித்தப்பாவுக்கே தெரியாமல் இருக்கலாம், பம்ப்செட் போர்டில் பெரும்பாலும் எர்த் நன்றாக இருக்கும். ஆனால் அங்கிருந்து கார் சார்ஜ் போடக் கூடாது. அது விவசாயத்துக்கான இலவச இணைப்பு, வேறு காரியத்துக்கு எடுத்தால் மின்வாரியம் அபராதம் போடும். எக்ஸ்டென்ஷன் வயர் தவிர்க்க முடியாது என்றால் 2.5 சதுர மி.மீ. வயரில், சுருளை முழுசாகப் பிரித்துப் போட்டு, வண்டியின் திரையில் சார்ஜ் கரண்டைக் குறைத்து வையுங்கள். அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை சுட்டால் நிறுத்திவிடுங்கள்.

படி 7: மலை

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஐம்பது கி.மீ.தான், ஆனால் 1,900 மீட்டர் ஏற்றம். ஆட்களோடு சேர்த்து 2,200 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்கவே பதினொன்றரை யூனிட் வேண்டும். இது இயற்பியல், யார் ஓட்டினாலும் குறையாது. மோட்டாரில் வீணாவது, டயர் உராய்வு எல்லாம் சேர்த்தால் 18 யூனிட் போல ஆகும். ஆகவே மேட்டுப்பாளையத்தில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் ஏறுங்கள், மேலே 20க்கு மேல் மிச்சம் இருக்கும்.

இறங்கும்போது வேடிக்கை. மேலே தூக்கியதில் ஒரு பகுதி திரும்பி வந்து, கீழே வரும்போது சதவீதம் கூடியிருக்கும். பிரேக் சூடேறும் வாசனையும் கிடையாது. ஒன்றே ஒன்று, மேலே ஹோட்டலில் 100 வரை ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடம் இல்லாவிட்டால் மோட்டார் பிரேக் சரியாகப் பிடிக்காது, கால் பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டியிருக்கும். 85, 90 போதும்.

படி 8: மழையும் மின்வெட்டும்

மழையில் சார்ஜ் போடலாம், கன்னும் சாக்கெட்டும் அதற்கென்றே செய்தவை. தேங்கிய தண்ணீர் வேறு கதை. பெரும்பாலான பேட்டரிகளுக்கு ஐபி67 தரம் உண்டு, அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ராத்திரி முழுக்க பார்க்கிங்கில் மூழ்கிக் கிடப்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துகிறார்களே, மின்காரும் அங்கேதான் போக வேண்டும். மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் செய்யவோ சார்ஜில் போடவோ வேண்டாம், சர்வீஸ் சென்டருக்கு இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

கரண்ட் இல்லாத நாட்களுக்கு இந்த வண்டி நல்ல துணை. கிரெட்டாவிலும் இன்னும் பல மாடல்களிலும் காரிலிருந்தே வீட்டுச் சாமான்களுக்குக் கரண்ட் எடுக்கும் வசதி உண்டு, 3 கிலோவாட்டை ஒட்டி. கிரைண்டர், மிக்ஸி எல்லாம் ஓடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், விளக்கு, போன் சார்ஜர் மட்டும் ஓட்டினால் நாளைக்கு நாலைந்து யூனிட், நிறைந்த பேட்டரி ஒரு வாரம் தாங்கும். ஆனால் காரிலிருந்து வரும் வயரை வீட்டு சாக்கெட்டில் நேரடியாகச் செருகி வீடு முழுவதும் ஓட்டப் பார்க்காதீர்கள். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு அது உயிராபத்து. சாமான்களைத் தனித்தனியாக எக்ஸ்டென்ஷனில் மாட்டுங்கள்.

படி 9: பேட்டரி பராமரிப்பு

பெரிதாக ஒன்றும் இல்லை. தினசரிக்கு 80 வரை, பயணத்துக்கு முந்தின இரவு 100 வரை. எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் கம்பெனி சொல்கிற இடைவெளியில் ஒருமுறை 100 வரை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் திரையில் காட்டும் சதவீதம் தப்பாகும். மாதக்கணக்கில் வெளிநாடு போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் நிழலில் விட்டுவிட்டுப் போங்கள். டிசி சார்ஜ் எப்போதாவது போட்டால் ஒன்றும் ஆகாது, தினமும் அதையே நம்பி ஓட்டினால்தான் பேட்டரிக்குக் கேடு.

உத்தரவாதப் பத்திரத்தை மட்டும் வரி வரியாகப் படியுங்கள். கிரெட்டாவுக்கு பேட்டரி உத்தரவாதம் 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாழ்நாள் உத்தரவாதம் என்று சில கம்பெனிகள் சொல்வது பெரும்பாலும் முதல் சொந்தக்காரருக்கு மட்டும், விற்றால் மாறிவிடும். கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள், வெள்ளத்தில் நனைந்தால் அது செல்லுமா, வெளியாள் வைத்து ஹாரன், கேமரா மாதிரி எதையாவது வயர் வெட்டி மாட்டினால் என்ன ஆகும் என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்பீடு எடுக்கும்போது பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனி ஆட்‌-ஆன் இருக்கும், தண்ணீர் தேங்கும் பகுதியில் வீடு என்றால் அதைச் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, இவ்வளவு பெரிய பேட்டரி இருந்தும் மின்காரில் பழைய 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் உண்டு. கதவு, திரை, கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான். அது செத்தால் கீழே ஐம்பது யூனிட் இருந்தும் வண்டி எழுந்திருக்காது. மூன்று நான்கு வருஷத்தில் அதை மாற்ற வேண்டி வரும், சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.